‘சொந்த ஊர்ல எந்தப் பக்கம்?’

2024 ஜூனில் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கே. கோபிநாத் தெலுங்கில் பதவியேற்றார். உறுதிமொழியை முடித்ததும் தமிழ்நாட்டை வாழ்த்திவிட்டு இறங்கினார். மற்ற ஊர்களில் இது அன்றைய பேச்சு. ஓசூரில் இதில் பேச ஒன்றுமில்லை. அவர் ஓசூர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது சட்டமன்றத்தில் தெலுங்கில் பேச, முதல்வர் ஜெயலலிதாவும் தெலுங்கிலேயே பதில் சொன்னதுண்டு. பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் வருகிறவரின் முதல் சொல்லைக் கேட்டு, அதற்கேற்ற மொழிக்குத் தாவிவிடுவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்ச காலமாக இந்தியும்.

கோடுகள் இங்கே அடிக்கடி இடம் மாறியிருக்கின்றன. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரும் போனது. சேலம் ஜில்லாவில் இருந்த பகுதி 1965-ல் தர்மபுரி மாவட்டமானது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டமானது. அவற்றுக்கு முன்பே 1956 மொழிவாரி மாநிலப் பிரிவினை. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, கர்நாடகம். கோடு போட்டவர்களைக் கேட்டுக்கொண்டா கொள்வினை கொடுப்பினை நடக்கிறது? 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளில் கவலை எழுந்தது. அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. ஆனாலும் மொழிச் சண்டை இங்கே மனுவோடும் வழக்கோடும் நின்றுவிடுகிறது. ஆளைக் கொல்கிற கோடு வேறு.

அமெரிக்காவிலும் இப்படித்தான். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையில் தாத்தாவின் மொழியை மறந்து, வெறும் ‘வெள்ளையர்’ ஆகிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே அந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசியும் கோட்டுக்கு வெளியேதான் நின்றார்கள். கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1903-ல், இருபதாம் நூற்றாண்டின் பிரச்சினை நிறக்கோடுதான் என்று எழுதியது இதைப் பார்த்துத்தான்.

அந்தக் கோட்டிலிருந்து தப்ப, 1910-களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பர்கள் தென் மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்களுக்குப் போனார்கள். ஓசூருக்கும் அந்த மாதிரி ஒரு காலம் வந்தது. சிப்காட் வந்தது, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன, பின்னாலேயே டைட்டன். அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். கம்பெனி கேட்டில் டோக்கன் நம்பர்தான் பெயர். கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே தட்டு. கிராமத்து டீக்கடையில் தனி டம்ளரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தத் தட்டின் அருமை தெரியும்.

ஆனால் ஷிப்ட் முடிந்ததும் படுக்க ஒரு வீடு வேண்டுமே. டு-லெட் பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினால் விசாரணை மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். எந்த ஊரு தம்பி? வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? குலதெய்வம் எது? சொந்த ஊர்ல எந்தப் பக்கம் வீடு? கடைசிக் கேள்விக்கு ‘ஊருக்குள்ள’ அல்லது ‘காலனி’ என்று இரண்டே பதில்தான். சுற்றி வளைத்துக் கேட்கவேண்டி வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிற்கும் தமிழ்ப் பெயரில் சாதியைப் படிக்க முடியாது. அதனால் தெருவைக் கேட்கிறார்கள்.

சிகாகோவில் இவ்வளவு நாசூக்கு இல்லை. கறுப்பருக்கு விற்பதில்லை என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி வைத்தார்கள். 1937-ல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பர் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். ஜன்னல் வழியாகக் கல் வந்தது, வழக்கு 1940-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கல்லின்போது வீட்டில் இருந்த சிறுமி லொரெய்ன் ஹான்ஸ்பெரி வளர்ந்து, வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கத் துணியும் ஒரு குடும்பத்தை நாடகமாக்கினார். 1959-ல் பிராட்வே மேடையேறிய அதுதான் அங்கே ஒரு கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாடகம்.

வேறு சிலர் வேறு வழி கண்டார்கள். வெளுத்த தோல் வாய்த்த கறுப்பர்கள், தங்களைத் தெரியாத ஊருக்குப் போய் வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். செங்கல்பட்டு மாநாடு நடந்த அதே 1929-ல் நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ நாவல் வந்தது. அதன் கிளேர், கறுப்பர்களை வெறுக்கும் வெள்ளையனுக்கு மனைவியாக இருந்துகொண்டே தன் ஆட்களின் பேச்சுக்கும் சிரிப்புக்கும் ஏங்கி, ரகசியமாக ஹார்லெமுக்கு வந்துபோகிறாள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிட அந்த ஏக்கத்தை லார்சன் எழுதியிருக்கும் விதம்தான் நாவலை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. ஓசூர் வாடகை வீடுகளிலும் கிளேர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா வந்தால், பக்கத்து வீட்டில் வாய் திறக்காதே என்று சொல்லி வைக்கிறவர்கள். புதுவிசை இதழை ஓசூரிலிருந்து நடத்திய ஆதவன் தீட்சண்யாவின் கதைகளிலும் கவிதைகளிலும் இந்த அவமானமும் எகத்தாளமும் ஒரே குரலில் பேசும்.

நம் பக்கத்து நாவல் ஒன்றை லார்சனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. சோடாக் கடையில் வேலை பார்க்கப் போன குமரேசன், நகரத்திலிருந்து சரோஜாவைக் கல்யாணம் செய்து கூட்டிவருகிறான். அவள் என்ன சாதி என்று ஊரே துளைக்கிறது. அவளுடைய நிறத்தைப் பார்த்தே சந்தேகப்படுகிறது. நாவல் கடைசிவரை பெயரைச் சொல்வதில்லை. ஆசிரியர் அந்த நாவலை யாருக்குச் சமர்ப்பித்தார் என்று பார்த்தால், நாம் தர்மபுரிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்று மூன்று தலித் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. தலித் இளைஞரும் வன்னியர் பெண்ணும் செய்துகொண்ட திருமணம், பெண்ணின் தந்தையுடைய தற்கொலை என்று காரணம் சொன்னார்கள். ‘பூக்குழி’ அந்த இளைஞருக்குத்தான் சமர்ப்பணம். எரிந்தவற்றைப் பார்த்தால் இன்னொரு காரணம் தெரியும். அந்தக் காலனிகளின் ஆண்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறிப்போய் உழைத்தவர்கள். அந்தக் கூலிதான் மெத்தை வீடும் பைக்கும் பீரோவுமாக மாறியிருந்தது. 1921-ல் அமெரிக்காவின் டல்சா நகரில், செழித்திருந்த கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியின் சுமார் 35 வீதிக்கட்டங்கள் இரண்டே நாளில் எரிக்கப்பட்டன. லிப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் கறுப்பு இளைஞன் தகாதபடி நடந்தான் என்பது அங்கே சொல்லப்பட்ட சாக்கு. டல்சாவில் உயிர்ப்பலி நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நத்தத்தில் அன்று ஆட்கள் தப்பினார்கள். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொறாமைக்கு இரண்டு இடத்திலும் ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டது.

2018-ல் ஓசூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த தலித் இளைஞரும், வன்னியர் வீட்டுப் பெண்ணும் திருமணம் செய்துகொண்டு நகரத்துக்கு வந்து குடியிருந்தார்கள். நவம்பரில் கடத்தப்பட்டார்கள். உடல்கள் கிடைத்தது கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், காவிரியில். இளைஞரின் சட்டையில் அம்பேத்கர் படமும் ஜெய்பீம் என்ற சொல்லும் ஊர்ப்பெயரும் இருந்தன. கர்நாடகப் போலீசுக்கு அதுதான் துப்பு. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் 1958-ல் மணந்ததற்காக, வர்ஜீனியா நீதிமன்றம் அவர்களை 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டு விலகியிருக்கச் சொன்னது. அவர்களும் எல்லை தாண்டி வாஷிங்டனில் குடியேறினார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டங்களை ரத்து செய்தது. அதே 1967-ல்தான் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. சாதி கடந்து மணப்பதைத் தடுக்கும் சட்டம் அப்போதும் இங்கே இல்லை, இப்போதும் இல்லை. தடுக்கிறவர்களைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைதான் இருக்கிறது. அதற்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2025 அக்டோபரில்.