இருவர் அமர ஓர் இடம்

பட்டினத்துக் காதலர்க்கு மாலைப் பொழுதைக் கழிக்க மதுச்சாலைகள் உண்டு. கினிகத்தேனைக் காதலர்க்கு யாது உண்டு என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தவறணையில் பெண்ணுக்கு மது விற்கலாகாதென இலங்கையில் 1979ஆம் ஆண்டு விதி செய்தனர். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறப் பணித்தார். ஆயின், மலையகத் தாய்மார் பலருக்குத் தவறணை என்றதும் நினைவுக்கு வருவது விதியன்று. வீடு வந்து சேராத சம்பளமே. அவ்விடத்தை அவர்தம் புதல்வியர்க்கு நான் பரிந்துரையேன்.

எனினும், தனித்துப் பேச அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா? சுவரொன்றைப் பகிர்ந்து நிற்கும் லயத்து அறைகளில் பெருமூச்சுங்கூட அயலார் செவிக்கு எட்டிவிடும். அபர்டீன் அருவி 98 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது. அட்டன் வீதியின் வளைவுகளிலே பள்ளத்தாக்கு விரிகிறது. இவற்றைக் கண்டு களிப்போர் பெரும்பாலும் வெளியூரார்.

அன்பர்களே, இருவர் அச்சமின்றி அமர்ந்து தேநீர் அருந்த, விளக்கொளியுள்ள ஒரு சிறு சாலை போதும். கொழுந்து கொய்தவளும் அங்கே ஒரு மாலை அமர்ந்திருக்க வேண்டும் என்பதே என் விழைவு.