அடுத்த பையன் ரெடி!

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், உட்டி ஹேய்ஸ் பயிற்சிக் கூடத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம், வாருங்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வீடு அது. நமக்கு வேண்டியது அங்கே வைட் ரிசீவர்கள் கூடும் அறை. குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் இவர்கள் தொழில்.

2020 சீசனில் அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? காரெட் வில்சன், கிறிஸ் ஒலாவே, ஜேம்சன் வில்லியம்ஸ், ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா. நால்வரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில்! 2022 ஏப்ரலில், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தபோது 10-ஆவது வில்சன், 11-ஆவது ஒலாவே, 12-ஆவது வில்லியம்ஸ் என்று வரிசையாகப் பெயர் வாசித்தார்கள். இதில் வில்லியம்ஸ், கொலம்பஸில் போதிய வாய்ப்பு கிடைக்காமல் ஒரு வருடம் முன்பே அலபாமாவுக்கு மாறிப்போனவர். நாட்டிலேயே 12-ஆவதாகத் தேர்வாகும் ஆளுக்கு இடமில்லாத அறை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அவர்கள் போன பிறகு என்ன ஆகும்? கல்லூரி ஃபுட்பாலில் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பள்ளி முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டால் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிடலாம். நட்சத்திரம் ஆகிற வேகத்திலேயே பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

பதில் 2022 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில், சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பவுல், எதிரே யூட்டா அணி. டிராஃப்டை மனதில் வைத்து வில்சனும் ஒலாவேயும் ஆடவில்லை. இடைவேளையில் ஒஹாயோ 21, யூட்டா 35. அப்புறம் நடந்ததை இப்போது எழுதும்போதும் உற்சாகம் தாங்கவில்லை! ஸ்மித்-என்ஜிக்பா 15 பந்துகளைப் பிடித்து 347 யார்டு எடுத்தார். எந்த பவுல் ஆட்டத்திலும் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. 48-45 என்று ஒஹாயோ ஜெயித்தது.

ஆனால் என் கண் அன்று இன்னொரு பையன் மேல் போனது. 18-ஆம் எண் சட்டை, முதலாண்டு மாணவர், மார்வின் ஹாரிசன் ஜூனியர். அந்த சீசன் முழுக்க அதுவரை அவர் பிடித்தது ஐந்தே பந்துகள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. அன்று ஒரே ஆட்டத்தில் மூன்று டச்டவுன்! காலி இடத்துக்கு ஆள் எப்போதோ தயாராகி, சைடுலைனில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

தயாரானது எப்படி? இங்கேதான் திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஜக்ஸ் என்று ஒரு மெஷின். சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பந்தை விட்டால் தோட்டா மாதிரி பாய்ந்து வரும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ஹாரிசன் அதன் முன்னால் நின்று பிடித்துக்கொண்டே இருப்பார் என்பது கொலம்பஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா மார்வின் ஹாரிசன் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். அந்தப் பெயரை முதுகில் சுமந்துகொண்டு மகன் மெஷினோடு மல்லுக்கட்டினார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம்.

பிடிப்பது பாதி வேலைதான். முகத்துக்கு நேரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும் கார்னர்பேக்கை முதல் இரண்டு அடியிலேயே கழற்றிவிட வேண்டும். நேராக ஓடினாலும் சரி, பத்து யார்டில் சட்டென்று உள்ளே திரும்பினாலும் சரி, முதல் சில அடிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி மோப்பம் பிடித்துவிடுவான். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவார். கண் திரும்பும்போது பந்து மூக்குக்கு முன்னால்! பிடிக்கும்போது, கல்லூரி ஆட்டத்தில் கோட்டுக்குள் ஒரு கால் பட்டால் போதும், என்.எஃப்.எல்.லில் இரண்டும் பட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பிரையன் ஹார்ட்லைன். ஒஹாயோவின் கேன்டன்காரர், இதே அணியில் ரிசீவராக ஆடியவர். என்.எஃப்.எல்.லில் மயாமிக்காக இரண்டு சீசன்களில் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். 2018-இல் இந்த அறை அவர் கைக்கு வந்தது. தானே ஓடிப் பிடித்த ஆள் சொன்னால் பையன்கள் கேட்காமல் இருப்பார்களா?

2022 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பெரிய சோதனை. நோட்ர டேமுக்கு எதிராக, மிச்சமிருந்த ஒரே நட்சத்திரம் ஸ்மித்-என்ஜிக்பாவுக்குத் தொடைத் தசையில் காயம். அந்த சீசனில் அவரால் மூன்று ஆட்டம்தான் ஆட முடிந்தது. அன்று அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன டச்டவுனைப் பிடித்தவர் யார் தெரியுமா? சேவியர் ஜான்சன்! உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணிக்குள் நுழைந்தவர். லட்சம் பேர் கொள்ளும் ஒஹாயோ ஸ்டேடியம் அதிர்ந்தது. 21-10, வெற்றி.

அந்த சீசன் முடிந்தபோது ஹாரிசன் 1,263 யார்டு, 14 டச்டவுன். மறு வருடம் நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. 2024 டிராஃப்டில் 4-ஆவது ஆளாக அரிசோனாவுக்கு. மறுபடியும் காலி இடம்! இந்த முறை வந்து உட்கார்ந்தவர் ஃபுளோரிடாப் பையன் ஜெரமையா ஸ்மித். முதலாண்டிலேயே 1,315 யார்டு, 15 டச்டவுன். கிரிஸ் கார்ட்டர் 1984-இல் இதே அணியில் வைத்த முதலாண்டு ரெக்கார்டுகளை எல்லாம் உடைத்தார். 2025 ஜனவரியில் நோட்ர டேமுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் அவர் பிடித்த 56 யார்டு பந்துதான் 34-23 வெற்றியை உறுதி செய்தது.

இவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒருவர் இருந்தார். எமேகா எக்புகா. 2021-இல் முதலாண்டு; மொத்தமே 9 பந்துகள். ஒலாவே போனதும் அவருடைய 2-ஆம் எண் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். 2022-இல் 74, அடுத்து 41, அடுத்து 81. ஹாரிசன் கிளம்பியபோது இவர் இன்னொரு வருடம் தங்கினார், கோப்பையோடு போனார். மொத்தம் 205 பந்துகள்! அத்தனை நட்சத்திரங்கள் வந்துபோன ஒஹாயோ ஸ்டேட்டில், அதுவரை அவ்வளவு பந்துகளைப் பிடித்தவர் வேறு யாருமில்லை.