மனத்துயரும் மாதர் வியாதியும்

மூட்டுகளில் வலி, ஓயாத அசதி, விட்டுவிட்டு வரும் சுரம் என்று ஒரு ஸ்திரீ முறையிட்டால், வீட்டார் அதைச் சோம்பல் என்கிறார்கள். வைத்தியரிலும் சிலர் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இவ்விரண்டும் அநீதி என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தைச் சொல்லுவோம்.

அந்நியக் கிருமிகளை எதிர்ப்பதற்காகச் சரீரத்தில் அமைந்துள்ள காவற்படை, வழிதவறிச் சொந்த உறுப்புகளையே தாக்குவதால் உண்டாகும் வியாதிகள் பல. லூபஸ், ருமட்டாயிட் மூட்டுவாதம், கிரேவ்ஸ் எனப்படும் தைராய்டு வியாதி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை புருஷர்களைவிட ஸ்திரீகளையே அதிகமாய்ப் பீடிக்கின்றன. லூபஸ் கண்டவர் 10 பேரில் சுமார் 9 பேர் ஸ்திரீகளே.

பீதிக்கும் இவ்வியாதிகளுக்கும் சம்பந்தமுண்டு என்ற சந்தேகம் புதிதன்று. இங்கிலாந்தில் பாத் நகரத்து வைத்தியர் காலெப் பாரி எழுதிவைத்து, அவர் காலஞ்சென்ற பின் 1825-இல் வெளியான குறிப்புகளில், 21 வயது யுவதி ஒருத்தியின் வரலாறு காணப்படுகிறது. மேட்டிலிருந்து வேகமாய் இறங்கிய சக்கர நாற்காலியினின்றும் அவள் தூக்கியெறியப்பட்டாள். காயம் அற்பம், பயமோ பெரிது. அன்று முதல் நெஞ்சு படபடத்தது. இரண்டு வாரத்தில் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கத் தொடங்கிற்று.

ஒருத்தியின் வரலாற்றைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாதுதான். ஆனால் 2018-இல் வெளியான ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சி, அதிர்ச்சியாலும் கடுந்துயராலும் மனநோயுற்றதாக வைத்தியர் நிச்சயித்த 1,06,464 பேரைப் பல்லாண்டு கவனித்தது. அவர்களுள் வருஷத்திற்கு 1,000-க்கு 9 பேர் இத்தகைய வியாதிக்குள்ளானார்கள். அவர்களுடைய உடன்பிறந்தார் ஆறரைப் பேர். மற்றையோர் 6 பேர். ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தோரிடையிலும் இவ்வித்தியாசம் காணப்படுவதால், பரம்பரை ஒன்றே காரணமென்று தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் 54,763 ஸ்திரீகளை 24 வருஷம் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொடிய சம்பவங்களுக்கு ஆளானவர்களுக்கு லூபஸ் ஏறக்குறைய மும்மடங்கு அதிகமாய்க் கண்டது. அங்கே நோயுற்றோர் மொத்தம் 73 பேரே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இது நிகழும் விதம் யாது? அபாயம் நேர்கையில் மூளையின் ஏவலால் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் ரசத்தைப் பெருக்குகின்றன. உடலில் எழும் அழற்சியை அடக்கும் கடிவாளமும் அதுவே. பயமும் துக்கமும் வருஷக்கணக்கில் நீடித்தால், அணுக்கள் அக்கடிவாளத்திற்கு அடங்காமற்போய் அழற்சி ஓங்குகிறது என்று சாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

துயருற்றோர் எல்லாரும் நோயுறுவதில்லை. நோயுற்றோர் எல்லாரும் துயருற்றவருமல்லர். பரம்பரை, ஹார்மோன்கள், தொற்றுநோய், புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆதலால், ‘நீ கவலைப்பட்டதால் வந்த வினை’ என்று நோயாளியைக் குற்றஞ் சாட்டுவது மூடத்தனம். மனம் தேறினால் போதும் என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து. மனத்தில் தொடங்கியதாயினும், உடலில் நிகழ்வது மெய்யான வியாதியே.

நமது வீடுகளைச் சற்று நோக்குவோம். 2019–21-ஆம் வருஷத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, மணமான ஸ்திரீகளில் 100-க்கு 38 பேர் புருஷனுடைய கொடுமையை அனுபவித்தவர்கள். குடும்ப வன்முறையினின்று மாதரைக் காக்கும் 2005-ஆம் வருஷத்துச் சட்டம், அடியை மட்டுமல்ல, மனத்துக்கு இழைக்கும் தீங்கையும் வன்முறையாகவே கணிக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது. அதை அபலைகளிடம் கொண்டுசேர்ப்பது தேச ஊழியரின் கடமை. மேடைதோறும் சுதந்திரத்தைப் புகழும் நண்பர்கள், தம் வீட்டு ஸ்திரீ பயமின்றி வாழ்கிறாளா என்று இன்றிரவே தம்மைத் தாம் கேட்டுக்கொள்வார்களாக.