கொரிய உழவரின் மக்கொல்லி

கொரிய நாட்டு உழவரிடையே தொன்றுதொட்டு வழங்கிவரும் அரிசி மது மக்கொல்லி எனப்படும். தெளியவிடாது வடிப்பதால் அது பால்போல் வெளுத்திருக்கும். நடவுக் காலத்தில் வயலிலேயே பருகியமையால் ‘நோங்ஜு’, அதாவது உழவர் மது, என்றும் அதனை அழைப்பர். மதுவைப் போற்றுவது நமது நோக்கமன்று. விளைபொருளோடு பிணைந்த ஒரு வீட்டுத்தொழில் நலிந்த வரலாற்றையே கூற விழைகிறோம்.

இத்தொழிலின் உயிர்நாடி ‘நுரூக்’ என்னும் கட்டி. பாலுக்கு உறைமோர் எவ்வாறோ, சோற்றுக்கு இது அவ்வாறே. கொரகொரப்பாக அரைத்த கோதுமையை நீர் தெளித்துப் பிசைந்து, அச்சிலிட்டு மிதித்து, சில வாரங்கள் வைப்பர். காற்றிலும் வைக்கோலிலும் உள்ள பூஞ்சணமும் ஈஸ்டும் அதில் தாமே குடியேறும். பின்னர் அதனைப் பொடித்து, ஆவியில் வெந்து ஆறிய சோற்றோடும் நீரோடும் மட்பாண்டத்தில் கலப்பர். பூஞ்சணம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். இரண்டும் ஒரே பாண்டத்தில் ஒருங்கே நிகழும். நுரூக் வீட்டுக்கு வீடு வேறுபட்டமையால் மதுவின் சுவையும் வேறுபட்டது.

ஜப்பானியர் ஆதிக்கத்தில் 1909-ஆம் ஆண்டு முதல் மதுவரிச் சட்டங்கள் வந்தன. 1934-இல் வீட்டில் வடிப்பதற்கான உரிமம் அறவே ஒழிந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் தென் கொரியாவில் அத்தடை நீடித்தது. அரிசிப் பஞ்சம் காரணமாக, 1965-66 ஆண்டுகளில் அரிசியைக் கொண்டு மக்கொல்லி வடிப்பதே தடுக்கப்பட்டது. ஆலைகள் கோதுமை மாவுக்கு மாறின. விளைச்சல் பெருகிய 1977-இல் அத்தடை தளர்ந்தது. வீட்டில் தம் தேவைக்கு வடித்துக்கொள்ளும் உரிமையோ 1995-இல்தான் மீண்டது. 2021-இல் மக்கொல்லி வடிக்கும் கலையை அந்நாட்டு அரசு தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

அரிசி மீண்டது, உரிமையும் மீண்டது. இடையில் கழிந்த அறுபது ஆண்டுகளில் பல வீடுகளின் முறைகள் மறைந்துபோயின. ஒளிவாக வடித்த வீடுகளில் சில எஞ்சின. 1670-ஆம் ஆண்டளவில் சாங் கே-ஹ்யாங் என்னும் அம்மையார் எழுதிய சமையல் நூலில் மது வகைகள் பல இடம்பெற்றுள்ளன. அத்தகைய ஏடுகளைப் புரட்டியே இன்று பலர் பழைய முறைகளைத் தேடுகின்றனர். ஆயினும், எத்தனை அரிசிக்கு எத்தனை நுரூக் என்பதை ஏடு கூறும். கட்டி பதமாயிற்றா என்பதைப் பழகிய கையே கூறும்.

பொய்த்த விளைச்சல் மறு போகத்தில் மீளக்கூடும். கைத்தொழிலோ ஒரு தலைமுறை ஓய்ந்தால் எளிதில் மீள்வதில்லை. தறியிலும் நிலத்திலும் உழைப்போர் இதனை நன்கறிவர்.