காதில் கேட்கும் குரல் மூளையில் எங்கே பிறக்கிறது?

மனச்சிதைவு நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் குரல்கள் கேட்கின்றன. அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு குரல் திட்டும். இரண்டு குரல்கள் இவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். "இப்போது எழுந்திருக்கிறான், கதவைத் திறக்கிறான்" என்று இன்னொரு குரல் விடாமல் வர்ணித்துக்கொண்டே வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. அதனால் "சும்மா கற்பனை பண்ணாதே" என்று அதட்டுகிறார்கள். அல்லது காத்துக்கருப்பு, செய்வினை என்று மந்திரிக்க அழைத்துப்போகிறார்கள். நோயாளியோ எதையும் இட்டுக்கட்டவில்லை. குரல் கேட்கும் நேரத்தில் அவருடைய மூளையைப் படம் பிடித்த ஆய்வுகள் இதை ஐயமின்றிக் காட்டியிருக்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரலாம். சினிமாவில் காட்டப்படும், ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் குடியிருக்கும் நோய் வேறு, இது வேறு. இல்லாத குரல் கேட்பது, இல்லாத உருவம் தெரிவது, எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத தவறான நம்பிக்கை (இதை மருட்சி என்பார்கள்), கோர்வை இல்லாத பேச்சு ஆகியவை இதன் வெளிப்படையான அறிகுறிகள். பேச்சு குறைந்துபோவது, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்குவது, கவனமும் நினைவும் மங்குவது போன்றவை சத்தமில்லாமல் வருகிறவை. வேலையையும் படிப்பையும் அதிகம் கெடுப்பவை இவைதான் என்றாலும், வீட்டார் இவற்றைச் சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

குரலைப் படம் பிடிப்பது எளிதல்ல. அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது நோயாளிக்கு மட்டுமே தெரியும். 1999இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஓர் ஆய்வுக் குழு இதற்கு நேரான ஒரு வழியைக் கண்டது. குரல்கள் அடிக்கடி வந்து வந்து நிற்கும் மூன்று நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, குரல் தொடங்குவதையும் நிற்பதையும் ஒரு பொத்தான் மூலம் தெரிவிக்கச் சொன்னார்கள். குரல் கேட்ட நொடிகளில் ஹெஷ்ல் மடிப்பு என்னும் பகுதியில் இரத்த ஓட்டம் கூடியது. வெளியே எழும் ஒலி காது வழியாகப் போய் மூளையின் மேற்பரப்பில் முதலில் சேரும் இடம் அது. நிஜமான ஒலியைக் கேட்கும்போது எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் யாரும் பேசாதபோதும் வேலை செய்துகொண்டிருந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1995இல், டேவிட் சில்பர்ஸ்வைக்கின் குழு பெட் ஸ்கேன் மூலம் ஆறு பேரைப் பார்த்திருந்தது. அவர்களில் ஒருவர் அதுவரை மருந்தே எடுத்துக்கொள்ளாத 23 வயது இளைஞர். உடலற்ற தலைகள் உருண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. அவை பேசி அவருக்குக் கட்டளையும் இட்டன. அந்த நேரத்தில் அவருடைய மூளையில் பார்வைக்கான பகுதிகளும் கேட்டலுக்கான பகுதிகளும் சேர்ந்தே கிளர்ந்திருந்தன. மற்ற ஐந்து பேரிடமும் பொதுவாகத் தெரிந்தது, தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகளிலும் உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளிலும் எழுந்த கிளர்ச்சி. கேட்கும் குரலில் இத்தனை அச்சம் கலந்திருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பேசுவது யார் என்ற கேள்விக்கான விடை நோயாளிக்குள்ளேயே இருக்கிறது. 1949இல் லூயிஸ் கோல்ட் என்ற மருத்துவர், குரல் கேட்கும் ஒரு பெண்ணிடம் ஒலிவாங்கியை வைத்து, அவரிடமிருந்து வந்த மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கேட்டார். அந்தப் பெண் தன்னை அறியாமலே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். குரல்கள் சொன்னதாக அவர் சொன்னதும் அந்தக் கிசுகிசுப்பும் பொருந்தின. 1993இல் லண்டனில் பிலிப் மெக்வையரின் குழு 12 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், குரல் கேட்கும்போது பிரோகா பகுதியில் இரத்த ஓட்டம் அதிகரித்திருப்பது தெரிந்தது. அது பேச்சை உருவாக்கும் பகுதி. ஆக, குரல் கேட்கும் மூளை ஒரே நேரத்தில் பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது.

நம்மில் பெரும்பாலோர் மனதுக்குள் பேசிக்கொள்கிறோம். அது நம் பேச்சு என்பதும் நமக்குத் தெரிகிறது. மூளை எந்தச் செயலைத் தொடங்கினாலும் அதற்கான கட்டளையின் ஒரு நகலைப் புலன் பகுதிகளுக்கும் அனுப்பிவிடுகிறது. "இப்போது வரப்போவது நம்முடையதுதான்" என்ற முன்னறிவிப்பு அது. தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராததும் இதனால்தான். சாரா ஜேன் பிளேக்மோரும் கிறிஸ் பிரித்தும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்கும் நோயாளிகள் பலருக்குத் தன் கை தன்னைத் தொடுவதும் பிறர் தொடுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் கூசின. பேச்சிலும் இதையே ஜூடித் போர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் மூளை மின் அலைப் பதிவுகளில் கண்டார். நோயில்லாதவர் பேசும்போது, தன் குரலுக்குக் கேட்டல் பகுதி காட்டும் எதிர்வினை அடங்கிவிடுகிறது. மனச்சிதைவு நோயாளியிடம் அந்த அடக்கம் குறைவு. முன்னறிவிப்பு சரியாகப் போய்ச் சேராததால் சொந்தப் பேச்சே அந்நியர் பேச்சாகக் கேட்கிறது என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம்.

எதிர்பார்ப்புக்கும் இதில் பங்கு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 2017இல் நடந்த ஆய்வில் ஓர் ஒளியையும் ஒலியையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டினார்கள். பிறகு ஒளியை மட்டும் காட்டியபோது, இல்லாத ஒலி கேட்டதாகச் சொன்னவர்களில் குரல் கேட்கும் பழக்கமுள்ளவர்களே மிக அதிகம். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும், எந்த மனநோயும் இல்லாதவர்களும் இதில் அடக்கம். வந்த ஒலியை விட வரும் என்ற நம்பிக்கையை மூளை அதிகமாக நம்பிவிடுகிறது.

மருட்சியை விளக்க டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு வர வேண்டும். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசைன் மருந்து மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. அது ஏன் வேலை செய்கிறது என்பது பின்னர்தான் புரிந்தது. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1963இல் முதல் தடயத்தைக் கண்டார். இந்த மருந்துகள் டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன என்பது 1970களில் உறுதியானது. ஆம்பெட்டமைன் போதைப்பொருள் டோபமைனைப் பெருக்கி, நோயில்லாதவரிடமும் சந்தேக மருட்சியை உண்டாக்கும். மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் நோயாளிகளிடம் டோபமைன் உற்பத்தியும் வெளியேற்றமும் மிகுந்திருப்பதைப் பெட் ஸ்கேன்கள் காட்டுகின்றன.

டோபமைனின் வேலைகளில் ஒன்று, கண்ணில் படும் ஆயிரம் விஷயங்களில் எது முக்கியம் என்று முத்திரை குத்துவது. அது காரணமில்லாமல் சுரந்தால் அற்பமானதெல்லாம் அர்த்தம் நிறைந்ததாகிவிடும் என்று 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் விளக்கினார். தெருமுனையில் நிற்கும் பைக், செய்தி வாசிப்பவரின் ஒரு பார்வை, பக்கத்து வீட்டுக்காரர் இருமியது என எல்லாம் தன்னைக் குறிவைத்தே நடப்பதாகப் படும். வாரக்கணக்கில் இப்படித் தவித்தபின் "என்னைப் போலீஸ் கண்காணிக்கிறது" என்ற விளக்கம் பிறக்கும். குழப்பத்துக்கு ஒரு விடை கிடைத்த நிம்மதியும் அதில் இருப்பதால் வாதம் செய்து அதை அகற்ற முடிவதில்லை. மருந்தும் நம்பிக்கையை ஒரே நாளில் அழிப்பதில்லை. முதலில் அதன் உறுத்தலைத் தணிக்கிறது. "இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் முன்போலப் பாதிக்கவில்லை" என்று நோயாளிகள் சொல்லும் கட்டம் இதுவே.

டோபமைன் ஏன் மிகுகிறது என்பதற்குப் பல வேர்கள். குளுட்டமேட் என்ற மற்றொரு வேதிப்பொருளின் ஏற்பியை அடைக்கும் கெட்டமைன், இதே போன்ற அறிகுறிகளைத் தற்காலிகமாக வரவழைக்கிறது. பதின்பருவத்தில் தேவையற்ற நரம்பு இணைப்புகளை மூளை கழித்துக்கட்டும் வேலை அளவு மீறுவதும் ஒரு காரணமாகலாம். அதோடு தொடர்புடைய சி4 மரபணுவை 2016இல் இனங்கண்டார்கள்.

எந்தப் பகுதி கிளர்கிறது என்பதை நோய் தீர்மானித்தாலும், குரல் என்ன சொல்கிறது என்பதில் ஊரும் உறவும் கலந்துவிடுகின்றன. மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னையின் ஸ்கார்ப் மனநல அமைப்பின் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் பேசியது. அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் வன்முறைப் பேச்சு. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல் கேட்டது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவினர் குரல். அவற்றில் சில, வீட்டில் பெரியவர்கள் செய்வதுபோல வேலைகளைச் செய்யச் சொல்லி அதட்டின.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஒரு ஸ்கேனைப் பார்த்து "இவருக்கு மனச்சிதைவு" என்று சொல்லிவிட முடியாது. இந்த வேறுபாடுகள் பலரைச் சேர்த்து ஒப்பிடும்போது தெரிபவை. தனி ஒருவரின் படம் நோயில்லாதவர் படத்தைப் போலவே இருக்கலாம். இப்போதும் நோயை மருத்துவர் கண்டறிவது பேசியும், வீட்டாரைக் கேட்டும், மாதக்கணக்கில் கவனித்தும்தான்.

மருந்தின் அளவைத் தீர்மானிக்க மட்டும் மூளைப் படங்கள் நேரடியாக உதவியிருக்கின்றன. டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரியும். 80 சதவீதத்தைத் தாண்டினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் தலைதூக்கும். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களுக்குக் குளோசபைன் பலனளிக்கிறது. ஆனால் வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து உண்டு என்பதால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். டோபமைன் ஏற்பியைத் தொடாமல் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக வேலை செய்யும் முதல் மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குரலோடு நேரடியாகப் பேசும் சிகிச்சையும் இருக்கிறது: லண்டனில் ஜூலியன் லெப் உருவாக்கிய முறையில், தன்னைத் திட்டும் குரலுக்கு நோயாளியே கணினியில் ஒரு முகம் அமைக்கிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வாயிலாகப் பேசுகிறார். நோயாளி அதை எதிர்த்துப் பேசப் பழகுகிறார். 150 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் குரல்களின் கடுமை, சாதாரண ஆலோசனை பெற்றவர்களை விட இவர்களிடம் அதிகமாகக் குறைந்திருந்தது; 24ஆம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை.