உருக்குமுன் சோதித்துப் பார்ப்போம்

இடம்பெயரும்போது வயலையும் கிணற்றையும் தூக்கிவர முடிவதில்லை. சீலைத்துண்டில் சுற்றிய பாட்டியின் மூக்குப்பேணி, பிள்ளையின் கொலுசு, பழைய கரண்டிகள் போன்றவையே கையோடு வருகின்றன. விதைநெல்லுக்குப் பணம் தேவைப்படும்போது அவற்றை உருக்கி விற்க நினைக்கிறோம். ஆனால் உருக்கிய கட்டியில் முத்திரையும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. வாங்குபவர் சொல்வதே தரமாகிவிடும். ஆகவே முதலில் நாமே சோதித்துப் பார்ப்போம்.

1. முத்திரை: அடிப்பகுதியையும் கைபிடியின் பின்புறத்தையும் பாருங்கள். 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெளியே வெள்ளி முலாம் மட்டுமே. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம். அதை உருக்கிப் பயனில்லை. எமது ஊர்த் தட்டார் செய்த நல்ல வெள்ளியில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம்.

2. தேய்வு: விளிம்பு தேய்ந்து மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் அது முலாம். கறுப்பு நிறம் குறையல்ல. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் கறுக்கும்.

3. காந்தம்: ஒட்டினால் வெள்ளியல்ல. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவுசெய்யவும் கூடாது, பித்தளையும் ஒட்டாது.

4. நீர்: பொருளை முதலில் நிறுத்து எழுதுங்கள். பின்னர் நீருள்ள பாத்திரத்தை இலத்திரனியல் தராசில் வைத்து, பொருளை நூலில் கட்டி, அடியில் முட்டாமல், காற்றுக்குமிழி தங்காமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு எத்தனை கிராம் கூடுகிறதோ, அதனால் பொருளின் நிறையை வகுக்க வேண்டும். 210 கிராம் பேணிக்கு 20 கிராம் கூடினால் விடை 10.5, அது வெள்ளிக்குரிய அளவு. 24 அல்லது 25 கிராம் கூடினால் பித்தளை போன்ற வேறு உலோகம். கொலுசு போன்ற சிறிய பொருளில் ஒரு கிராம் பிழையே கணக்கை மாற்றிவிடும். அதற்கு இந்த முறை உதவாது.

இவை தேறிய பின்னரே தட்டாரிடம் செல்லுங்கள். அமிலச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அவர் உங்கள் கண்முன்னே உரைகல்லில் செய்யட்டும். வெள்ளி உருக 961 பாகை வெப்பம் வேண்டும். வீட்டடுப்பு அதற்குப் போதாது. கலப்புலோகத்தை உருக்கும்போது எழும் புகையும் நஞ்சு.

நிறையை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கடைகளிலாவது விலை கேளுங்கள். வேலைப்பாடுள்ள பொருளை உருக்காமலே விற்க முடியுமா என்றும் கேளுங்கள். உருக்கியதை மீண்டும் பேணியாகப் பெற முடியாது.