ஓட்டையை வாசித்தல்

வைரஸைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்புறம் எதைக் காட்டிப் பாடம் நடத்துவது? பாகம் குறித்த படத்தைத்தான். படத்தை வரைந்தால் மதிப்பெண் வரும், அறிதல் வராது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் முன்னின்று, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகத்தின் ஆதரவோடு 2008இல் தொடங்கிய 'ஸீ-ஃபேஜஸ்' பாடமுறை வேறு வழியில் போகிறது. கல்லூரி முதலாண்டு மாணவர்கள் கைப்பிடி மண் கொண்டுவருகிறார்கள். அதைத் திரவத்தில் கலக்கி, பாக்டீரியா புகமுடியாத நுண்வடிகட்டியில் வடிக்கிறார்கள். வடிந்ததை, காசநோய்க் கிருமிக்குச் சாதுவான உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸோடு சேர்த்து அகர் தட்டில் ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் பாக்டீரியா வெண்படலமாகப் பரவுகிறது. நடுவே சில தெளிந்த வட்டங்கள். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸான ஃபேஜ் அங்கே வேலை செய்திருக்கிறது.

தெரிவது வைரஸ் அல்ல, ஓட்டை. இருந்தது இல்லாமற்போன இடம். அந்த இன்மையை எண்ணவும் முடியும். கரைசலைப் பத்து லட்சம் மடங்கு நீர்த்து, அதில் 0.1 மில்லிலிட்டர் ஊற்றிய தட்டில் 50 ஓட்டைகள் என்றால், மூலக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 50 கோடி ஃபேஜ்கள். ஓர் ஓட்டைக்கு ஒரு ஃபேஜ் என்று கொண்டு போடுகிற கணக்கு இது.

அகரில் காற்றுக்குமிழி இருந்தாலும் ஓட்டை மாதிரிதானே தெரியும்? தெரியும். அதனால் அந்த இடத்தைத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் பரப்புகிறார்கள். ஃபேஜ் மறுபடி ஓட்டை போடும், குமிழி போடாது. திரும்ப நிகழ முடியாதது குறியாகாது என்பது தெரிதாவின் வாதம். இங்கே அது கைவேலையாகிவிடுகிறது.

வழக்கமான சோதனைக்கூடத்தில் விடை ஆசிரியரிடம் முன்பே இருக்கும். அளவு சரியா வரலைன்னா பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கலாம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் பாட்டை விட்டு உரையை மனப்பாடம் செய்கிறோமே, அதே காரியம். ஸீ-ஃபேஜஸில் அடுத்த மேசையிலும் விடை இல்லை. பணமும் செய்முறையும் மையத்திலிருந்தே வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மண்ணில் என்ன கிடைக்கும் என்பது மையத்துக்கும் தெரியாது. கண்டுபிடித்த மாணவரே ஃபேஜுக்குப் பெயர் வைக்கிறார்.

இதே செய்முறையில், 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து 'மடி' என்ற ஃபேஜைப் பிரித்தெடுத்தார். லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் மருந்துக்கு அடங்காத தொற்றில் கிடந்த 15 வயதுச் சிறுமிக்குத் தரப்பட்ட மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. அப்போது அவர் உடல் தேறியதை 2019இல் 'நேச்சர் மெடிசின்' இதழ் வெளியிட்டது. விடை தெரிந்த பரிசோதனையை மட்டும் செய்யவைத்திருந்தால், அந்தக் கத்தரிக்காய் வெறும் குப்பை.